தணிக்கையும் கேட்போர் உரிமையும்

கருத்துரிமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் எழுதுவோனும் பேசுவோனுமே நம் நினைவிற்கு வருகின்றனர். சிறை புகுந்த பத்திரிகாசிரியன், முத்திரையிடப்பெற்ற அச்சுக்கூடம், எரியூட்டப்பெற்ற நூல் ஆகிய இவற்றைக் குறித்தே மேடைகளிற் பெரிதும் பேசப்படுகின்றது. அன்னார் உற்ற துன்பம் பெரிது. அதனை யாம் குறைத்து மதிப்பிட எண்ணினோமல்லம். ஆயினும், தணிக்கையால் இழப்பெய்துவோருள் எழுதியவன் ஒருவனே. படித்திருக்கக் கூடியவரோ பல்லாயிரவர். தான் இழந்தது இன்னதென்று அவனுக்குத் தெரியும். இவர்களுக்கோ, இழந்தோம் என்பதுதானும் தெரிவதில்லை. ஆதலின், கேட்போர் உரிமை என்னும் பக்கத்தினின்று இப்பொருளை ஆராய்ந்து, மாணவராகிய நமக்கு இதன்கண் உள்ள கடனையும் கூறப் புகுகின்றோம்.

தணிக்கை யாது?

முதற்கண் சொற்பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும். இதழாசிரியர் ஒருவர் தமக்கு வந்த கட்டுரைகளுள் ஏற்றனவற்றைத் தேர்ந்து, ஏனையவற்றைத் திருப்பியனுப்புகின்றார். இதனையும் தணிக்கை என மொழிவார் உளர். அது பொருந்தாது. திருப்பப்பெற்ற கட்டுரைக்குப் பிற இதழ்களின் கதவுகள் திறந்தே இருக்கின்றன. தெரிவு வேறு, தடை வேறு.

இனி, ஒருவன் பிறன்மீது பொய்ப்பழி சுமத்தி எழுதுகின்றான். பழிக்கப்பட்டவன் நீதிமன்றம் ஏறுகின்றான். நீதிபதி இருதிறத்தார் கூற்றையும் கேட்டுத் தண்டனை விதிக்கின்றார். இதுவும் தணிக்கையன்று. ஈண்டுக் குற்றம் இன்னதென்று சட்டம் முன்னரே கூறியுள்ளது, விசாரணை பலரறிய நடக்கின்றது, தீர்ப்பிற்குக் காரணம் எழுதப்படுகின்றது, மேல்முறையீட்டிற்கும் வழியுண்டு.

தணிக்கையோ இவ்விரண்டின் வேறாயது. எழுத்து உலகைக் காணுமுன்னரே, அதிகாரமுடையார் ஒருவர் தனியறையில் அமர்ந்து, 'இதனை மக்கள் படித்தலாகாது' என்று முடிவு செய்வது அது. வெளிவந்த நூலை மக்கள் கைக்கு எட்டாதவாறு பறித்தலும் அதன் இனமேயாம். தணிக்கையாளர் அந்நூலைப் படிக்கின்றார். படித்தும் தாம் கெட்டதாக அவர் எண்ணுவதில்லை. மற்றையோர் படித்தாற் கெடுவர் என்பதே அவர் துணிபு. தமக்குள்ள அறிவு பிறர்க்கு இல்லை என்னும் இத்துணிபின்மேல் எழுந்ததே தணிக்கை என்னும் கட்டடம் முழுவதும்.

நம் முன்னோர் நூல் அரங்கேற்றிய முறையை இதனோடு ஒப்பு நோக்குக. புலவர் நிறைந்த அவையில் ஆசிரியன் தன் நூலைத் தானே எடுத்துரைப்பான். அவையோர் தடை நிகழ்த்துவர். அவன் விடை பகர்வான். நூல் கடுமையாகவே ஆராயப்பட்டது. ஆயின், அவ்வாராய்ச்சி பலர் முன்னிலையில், ஆசிரியனுக்கு மறுமொழி கூற இடந்தந்து நடைபெற்றது. அரங்கேற்றத்தை நாடுவோர் தணிக்கையை நாடுவோர் ஆகார்.

வாயிலோனும் வேந்தனும்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை ஈண்டு நினைவு கூர்தல் தகும். கணவனை இழந்த கண்ணகி ஒற்றைச் சிலம்பொடு பாண்டியன் அரண்மனை வாயிலில் வந்து நிற்கின்றாள். அவள் தோற்றங்கண்டு அஞ்சிய வாயிலோன் உட்சென்று அறிவிக்கின்றான். அவளைத் தன்முன் கொணருமாறு வேந்தன் பணிக்கின்றான். அவள் கூறவந்த சொல் அவனுக்கு இனியதன்று. அவன் ஆட்சியையே பழிப்பது. எனினும் அவன் செவிசாய்த்தான். சிலம்பினின்று தெறித்த மாணிக்கப் பரலைக் கண்டான். தன் தவற்றை உணர்ந்தான். அவ்விடத்தே உயிர் துறந்தான்.

அவ்வாயிலோன், 'இவள் சொல் அரசர்க்கு ஏலாது. நகரின் அமைதிக்கும் கேடு' எனக் கருதித் தானே அவளைத் திருப்பியிருப்பானாயின் என் ஆகும்? வேந்தன் உயிர் பிழைத்திருப்பான். ஆயின், கோவலன் கள்வனாகவே எஞ்சியிருப்பான். தான் செய்த தீர்ப்புப் பிழையென்று அறியாமலே வேந்தனும் அரியணையில் வீற்றிருப்பான். திருவள்ளுவரும் அரசனுக்கு உரிய பண்புகளைத் தொகுத்துரைக்குமிடத்து, காதிற்குக் கசப்பான உரையைத் தாங்கும் பெருந்தன்மையை அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

மக்களாட்சியில் வேந்தர் மக்களே. யாரை ஆட்சியில் அமர்த்துவது, எவ்வரியை ஒப்புவது, எவ்வழக்கத்தை மாற்றுவது என்று முடிவு செய்வோர் அவரே. அவர்தம் செவிக்குச் செல்லும் சொல்லை இடைநின்று தடுக்கும் வாயிலோன், அவரைக் காப்பவன் போலத் தோன்றினும், அவர்தம் அரசுரிமையில் ஒரு பகுதியைக் கவர்ந்தவனே ஆவான்.

மேனாட்டு வரலாறு

கிறிஸ்தவ மாணவராகிய எமக்கு இவ்வரலாற்றில் மறக்கலாகாத பாடம் ஒன்றுண்டு. இன்று எந்நாட்டவரும் தத்தம் மொழியில் ஓதும் திருமறையே ஒருகாலத்துத் தடுக்கப்பட்ட நூலாக இருந்தது. வில்லியம் டிண்டேல் என்பார் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1526-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சிட்டார். அப்படிகள் வணிகச் சரக்குகளுக்கிடையே மறைத்து இங்கிலாந்திற்குக் கொண்டுவரப்பட்டன. இலண்டன் பேராயர் அவற்றைக் கைப்பற்றி எரிக்கச் செய்தார். டிண்டேலும் 1536-இல் கொல்லப்பட்டார். ஆயினும், மூன்றாண்டுகளுக்குள், 1539-இல், அவர் உழைப்பைப் பெரிதும் தழுவிய ஆங்கிலத் திருமறை அரசாணையாலேயே கோயில்தோறும் வைக்கப்பட்டது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் திருப்பதிப்பிலும் அவர் சொற்கள் மிகுதியாக இடம்பெற்றன. எரித்தவர்கள் தீயோர் அல்லர், கற்றறிந்தோரே. பாமரர் தாமே படித்தால் வழி தவறுவர் என்று அவர் மெய்யாகவே நம்பினர். நல்லெண்ணம் தணிக்கையைத் தவறினின்று காவாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இதன்பின் ஒரு நூற்றாண்டு கழிந்து, 1643-இல், இங்கிலாந்து நாடாளுமன்றம், உரிமம் பெறாமல் எந்நூலும் அச்சிடலாகாது என ஆணையிட்டது. கவிஞர் மில்டன் 1644-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் 'அரியோபஜிட்டிகா' என்னும் சிறுநூலால் அதனை எதிர்த்தார். அந்நூலையும் உரிமம் பெறாமலே, தம் பெயரிட்டு வெளியிட்டார். நன்மை தீமை இரண்டையும் அறிந்து தெரிவதே அறம் என்றும், மெய்யும் பொய்யும் வெளிப்படையாகப் பொருதால் மெய் தோலாது என்றும் அவர் வாதித்தார். உரிம முறை எழுத்தாளரை மட்டுமின்றிப் பொதுமக்களையும் இழிவு செய்வது என்றும், ஓர் ஆங்கிலச் சிறுநூலைக்கூட நம்பி ஒப்படைத்தற்குத் தகாத சிறுவராக அவரைக் கருதுவது என்றும் அவர் கூறியது நம் பொருளுக்கு மிகவும் இயைபுடையது.

மில்டனும் முழு உரிமை வேண்டினாரல்லர். கத்தோலிக்கர் கொள்கைக்கு அவ்வுரிமையை அவர் மறுத்தார். 1651-இல் தாமே ஒரு செய்தியிதழுக்கு உரிமமளிக்கும் பணியையும் ஏற்றார். தனக்கு வேண்டிய உரிமையைத் தன் மாற்றானுக்கும் அளித்தல் எத்துணை அரிதென்பதை இஃது உணர்த்துகின்றது. அவர் எதிர்த்த உரிம முறை பிறிதொரு சட்டத்தால் மீண்டும் நிலைபெற்று, 1695-இல் புதுப்பிக்கப்படாமல் ஒழிந்தது.

நம் நாட்டு வரலாறு

இந்தியாவில் 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் பிறந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இச்சட்டம் இல்லை. இந்திய மொழிகளில் வெளிவருவனவற்றிற்கே உண்டு. அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் பிணை பெறவும், பொருள்களைப் பறிமுதல் செய்யவும் அது வழிவகுத்தது. நீதிமன்றத்தில் முறையிடவும் இடமில்லை. வங்கத்தில் நடந்துவந்த அமிர்த பஜார் பத்திரிகை இச்சட்டத்திற்குத் தப்புமாறு விரைந்து முழு ஆங்கிலப் பத்திரிகையாக மாறிற்று. ஒரே கருத்து ஆங்கிலத்தில் இருந்தால் தீங்கில்லை, தாய்மொழியில் இருந்தால் தீங்கு என்பதன் பொருள் யாது? அரசு அஞ்சியது எழுதியவனை அன்று. படிக்கப்போகும் மக்களையே என்பது இதனால் விளங்கும். ரிப்பன் பிரபு காலத்தில், 1882-இல், இச்சட்டம் நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்று இதனினும் தெளிவானது. பாரதியார் ஆசிரியராயிருந்த 'இந்தியா' வார இதழ் சென்னையில் 1906-இல் தோன்றியது. 1908-இல் அதன் சட்டப்படியான ஆசிரியர் கைது செய்யப்படவே, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிற்குள் அது வருதல் தடுக்கப்பட்டது, 1910-இல் நின்றுபோயிற்று. ஆசிரியர் எழுதுவதற்கு ஊர் கிடைத்தது. வாசகர் படிப்பதற்கு இதழ் கிடைக்கவில்லை.

பாரதியார் 1921-இல் மறைந்தார். அதன்பின் ஏழாண்டுகள் கழித்து, 1928-இல், சென்னை அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதனைக் கண்டித்தார். ஈண்டு ஒன்று கேட்கின்றோம்: அவ்வாணை யாரைத் தண்டித்தது? கவிஞரோ தண்டனைக்கு எட்டாத இடத்தை அடைந்துவிட்டார். பறிக்கப்பட்டவை படிப்போர் கையிலிருந்த ஏடுகளும் பாடுவோர் நாவிலிருந்த பாட்டுகளுமே.

1950-இல் அரசியற் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 19-ஆம் உறுப்புப் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் குடிமக்களுக்கு வழங்குகின்றது. அவ்வாண்டு மே 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் வழங்கிற்று. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய இடதுசாரி வார இதழாகிய 'கிராஸ் ரோட்ஸ்' தம் மாகாணத்துள் நுழைதலாகாது எனச் சென்னை அரசு இட்ட ஆணை ஒன்றில் நீக்கப்பட்டது. கருத்துரிமையுள் கருத்தைப் பரப்பும் உரிமையும் அடங்கும். இதழ் மக்களிடம் சென்று சேராவிடில் வெளியிடும் உரிமை பயனற்றது என்பது நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய அத்தீர்ப்பின் சாரம். மற்றொன்றில், டில்லியில் வெளிவந்த வலதுசாரி இதழாகிய 'ஆர்கனைசர்' தன் செய்திகளை முன்னரே அதிகாரியிடம் காட்டல் வேண்டும் என்ற ஆணை நீக்கப்பட்டது. கொள்கையால் எதிரெதிரான இரு இதழ்கள் ஒரே நாளில் ஒரே உரிமையால் காக்கப்பட்டன. மில்டனுக்கு அரிதாயிருந்த நடுவுநிலை ஈண்டுக் கைகூடிற்று. அடுத்த ஆண்டே, 1951-இல், அரசியற் சட்டத்தின் முதல் திருத்தம் 'பொது ஒழுங்கு' முதலியவற்றையும் தடைக்குரிய காரணங்களாகச் சேர்த்தது. ஆயின், தடை நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்னும் வரம்பையும் அது உடன்வைத்தது.

1975-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபொழுது முன் தணிக்கை மீண்டும் வந்தது. இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் தன் தலையங்கத்திற்குரிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. ஒன்றும் எழுதப்படாத அவ்விடமே வாசகர்க்கு எல்லாவற்றையும் உணர்த்திற்று. அதன்பின் அங்ஙனம் வெற்றிடம் விடுதலும் ஆகாது எனத் தணிக்கையாளர் விதித்தனர். உரையைத் தடுத்தல் மட்டும் போதாது, தடுத்தோம் என்பதையும் மக்கள் அறியலாகாது என்பதே தணிக்கையின் முதிர்ந்த நிலை. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

கூட்டத்தின் தணிக்கை

தணிக்கை அரசிடமிருந்தே வரும் என்பதில்லை. 'மனம் புண்பட்டது' என்று திரளும் கூட்டமும் அதனைச் செய்யும். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்த் திரைப்படம் இட ஒதுக்கீட்டு முறையைக் குறைகூறியதனால் எதிர்ப்பு எழுந்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம், போராட்டம் நிகழும் என்னும் மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்குதல் கூடாது என்றும், அதனைக் காத்தல் அரசின் கடமை என்றும் தீர்ப்பளித்தது.

எழுத்தாளர் பெருமாள்முருகனுடைய 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. நான்காண்டுகள் எவரும் கிளர்ந்தெழவில்லை. 2014-இன் இறுதியில் எதிர்ப்பு மூண்டது. 2015 ஜனவரியில், அமைதிப் பேச்சு என்னும் பெயரால் அதிகாரிகள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. எழுத்தாளனாகிய தான் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். நீதிபதி எவரும் இவ்வாணையை இட்டாரல்லர். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அவ்வொப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், நூலை விரும்பாதவர் அதனைப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் கூறிற்று.

பிறர் குற்றத்தை எடுத்துரைப்போர் தம்மவர் செயலையும் மறைத்தலாகாது. 2006-இல் 'டாவின்சி கோட்' என்னும் திரைப்படம் தணிக்கை வாரியத்தின் சான்று பெற்று வந்தது. எம் சமயத்தாருட் சிலர் அதனைத் தடை செய்ய வேண்டினர். தமிழ்நாட்டு அரசும் தடுத்தது. அவ்வாண்டிலேயே உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. அப்படத்தின் கதை எம் நம்பிக்கைக்கு மாறானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், டிண்டேலின் ஏடுகள் எரிந்ததை எண்ணி வருந்தும் ஒரு சமுதாயம், மற்றொரு படைப்பை மக்கள் கண்ணினின்று மறைக்குமாறு அரசை வேண்டுதல் எங்ஙனம் பொருந்தும்? பேரரசர்கள் ஒடுக்கியும் அழியாத நம்பிக்கைக்கு ஒரு திரைப்படத்தினின்று காவல் வேண்டும் என்றல், அந்நம்பிக்கையை நாமே சிறுமைப்படுத்துவதாகும்.

இணையமும் எல்லையும்

இன்று அச்சுக்கூடத்தின் இடத்தை இணையம் பெரிதும் பெற்றுள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66 ஏ பிரிவு, இணையத்தில் பிறர்க்குத் தொல்லையோ சங்கடமோ தரும் சில வகைச் செய்திகளை அனுப்புதலும் குற்றம் என்றது. எச்சொல் எவர்க்குத் தொல்லை தரும் என்று யாரால் வரையறுக்க இயலும்? 2015 மார்ச்சு 24-ஆம் நாள், ஷ்ரேயா சிங்கல் வழக்கில், உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. ஒரு கருத்தை ஆராய்ந்து பேசுதல், அதனை வற்புறுத்திப் பேசுதல், குற்றத்திற்குத் தூண்டுதல் என மூன்றையும் பிரித்து, தூண்டுதல் என்னும் எல்லையை எட்டியபின்னரே தடைக்கு இடமுண்டு என அது விளக்கிற்று.

அதே தீர்ப்பில், இணையப் பக்கங்களை மறைக்க அரசிற்கு அதிகாரம் தரும் 69 ஏ பிரிவு நிலைநிறுத்தப்பட்டது. காரணம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது முதலிய காப்புகள் அதற்கு உண்டு. ஆயின், அதன்கீழ் 2009-இல் அமைந்த விதிகள், வேண்டுகோளையும் எடுத்த நடவடிக்கையையும் மறைவாக வைக்குமாறு பணிக்கின்றன. 1975-இன் வெற்றிடம் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. மறைக்கப்பட்ட பக்கம் தலையங்க வெற்றிடம்போலக் கண்ணில் நின்று வினவுவதன்று. ஏன் மறைந்தது என்று வாசகர் அறியார்; அறியாத ஒன்றைக் குறித்து அவர் எங்ஙனம் முறையிடுவர்? இணைய முடக்கம் பற்றிய வழக்கில், 2020 ஜனவரியில், அவ்வாணைகளை வெளியிடுதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது இக்குறையைத் தீர்க்கும் நெறியைக் காட்டுகின்றது. தடுப்பதாயின் வெளிப்படையாகத் தடுக்க. காரணம் கூறித் தடுக்க. கேட்போர் அதனை எதிர்த்து வழக்காட இடந்தருக.

'எல்லையே வேண்டாவோ?' எனின், வேண்டும். 2018-இல், பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியே பரவ, தமிழ்நாடு உட்பட நாட்டின் பல பகுதிகளிற் குற்றமற்றோர் அடித்துக் கொல்லப்பட்டனர். சொல்லும் கொல்லும் என்பதை மறுப்பார் இலர். அத்தகைய தூண்டுதலைச் சட்டம் தண்டித்தல் முறையே. பின்னர் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு வரம்பிட்டது. அவ்வரம்பு எக்கருத்தையும் மறைக்கவில்லை. பரவும் விரைவைக் குறைத்துப் படிப்போர்க்குச் சிந்திக்கச் சிறிது பொழுது தந்தது. தீங்கைத் தடுக்கும் வழிகளுள், கேட்போர் செவியை அடைக்காத வழியை முதலில் நாடுதல் வேண்டும்.

மாணவர் கடன்

உரிமையுடையார்க்குக் கடனும் உண்டு. கேட்கும் உரிமையை வேண்டுவோர் செம்மையாகக் கேட்டற்குப் பழகுதல் வேண்டும். ஆராயாமற் பிறர்க்கு அனுப்பும் ஒவ்வொரு பொய்யும், 'மக்கள் பகுத்தறியார்' என்னும் தணிக்கையாளர் கூற்றிற்கு நாமே அளிக்கும் சான்றாகும். ஆதலின், ஒரு செய்தியை அனுப்புமுன் அதன் தோற்றுவாயை ஆராய்வோமாக. ஒரு நூலைக் கண்டிக்குமுன் அதனை முழுதும் படிப்போமாக. மாற்றுக்கருத்து வெறுப்பூட்டுமாயின், அதற்கு மறுப்பு எழுதுவோமாக, தடை கேளாதிருப்போமாக. நம் கட்சியினர், நம் சமயத்தினர், நம் ஊரினர் தடை கேட்குங்கால் அவரோடு சேர்ந்து கூவாது, 'நீவிர் படித்தீரோ?' என்று பணிவுடன் வினவுவோமாக.

இவற்றுள் இறுதியானதே மிகவும் கடினமானது. பகைவர் செய்யும் தடையை எதிர்த்தல் எளிது. நண்பர் செய்யும் தடையை எதிர்ப்பதற்கே உள்ளத்துரம் வேண்டும். அத்துணிவை இக்கல்லூரி வாழ்வின் சில ஆண்டுகளில் நாம் பெற்றேகுவோமாயின், நம் நாட்டு வேந்தராகிய மக்களின் செவி என்றும் திறந்திருக்கும்.